கடைசி எண் கிடைக்காத டெண்டர்

நீராவி என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ரயில்வே ஒர்க்ஷாப் வாசலில் ஒரு பழைய என்ஜினைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். பெயின்ட் அடித்து, மாலையும் போட்ட பிறகுதான் ஃபோர்மேன் கவனித்தார்: பின்னால் மாட்டியிருந்தது வேறு என்ஜினின் டெண்டர். நான் அப்போது ஃபிட்டராக இருந்து சார்ஜ்மேனாக உயர்ந்திருந்தேன். பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"இதோட சொந்த டெண்டர் எங்க இருக்குன்னு பாருய்யா. என்ஜின் நம்பரோட முழுசா ஒத்துப்போனா லாரி அனுப்பித் தூக்கிட்டு வந்துடலாம்."

பொன்னேரியில் இருந்த ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் வழி காட்டினார். அந்த டெண்டரின் சக்கரங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. தண்ணீர்த் தொட்டியை மட்டும் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தார் ஏலத்தில் எடுத்திருந்தார்கள். படகு பிடித்துப் போனேன்.

தொட்டியைச் செங்கல் மேடையில் ஏற்றிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். ஊர்க் கிணறு உப்பு. அக்கரையிலிருந்து படகில் வரும் நல்ல தண்ணீரை இதில் ஊற்றி, வீட்டுக்கு இத்தனை குடம் என்று கொடுப்பார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்வது வாரம் ஒரு வீட்டின் முறை. அடியில் ஒரு சாண் தண்ணீரை மட்டும் யாரும் தொடுவதில்லை, பிரசவத்துக்கும் சாவுக்கும் என்று விட்டுவைப்பார்கள். டெண்டரைக் காயவிடக் கூடாது என்பது எங்களுக்கும் பாலபாடம். எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனது.

அந்த வார முறை கன்னியம்மா என்பவருடையது.

"நம்பர் உள்ள, அடித்தகட்டுல குத்தியிருக்கும்மா. தண்ணிய எறச்சுட்டா பாத்துடலாம்" என்றேன்.

"தண்ணிய கொட்டிட்டு நம்பர் பாக்கணுமா? நல்லாக்கீதே."

"அப்ப நான் எறங்கித் தடவிப் பாக்கறேன்."

"மொறக்காரி தவிர யாரும் உள்ள கால் வெக்கக்கூடாது சார். நானே பாக்கறேன். பாத்தா இன்னா பண்ணுவ? தூக்கினு பூடுவியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நம்பர் முழுசா சேந்துச்சுன்னா தூக்கிடுவாங்கம்மா."

குடத்தோடு நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தார். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கினார். தடவித் தடவி அவர் சொல்ல, நான் மணலில் எழுதினேன்.

"மொதல்ல நெட்டுக்கா ஒரு கோடு. அப்பால ஒரு முட்ட. அப்பால தலகீழா வெச்ச நாற்காலி."

ஒன்று, பூஜ்யம், நாலு. மூன்றும் எங்கள் எண்தான். நாலாவதுக்குக் காத்திருந்தேன்.

"கடைசி ஒண்ணு தேஞ்சி பூட்சி சார். கைல படல."

ஒரே வரியில் குத்திய நாலு எண்ணில் ஒன்று மட்டும் தேயாது. ஃபிட்டராக இருந்தவனுக்கு இது தெரியாதா? கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் மறுபடி பார்க்கச் சொல்லவில்லை.

கிடைத்ததை அப்படியே அதிகாரியிடம் சொன்னேன்.

"மூணு நம்பர வெச்சுக்கிட்டு லாரி கேக்க முடியாதுய்யா. விடு" என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டால், "உண்மையச் சொல்லிக் காரியத்தக் கெடுத்துட்டீங்களே சார்" என்பார்கள். வாஸ்தவம்தான். தூக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால் நாலாவது எண்ணையும் அந்த அம்மா சொல்லியிருப்பார். அடுத்த வாரம் லாரியை இக்கரையில் நிறுத்திவிட்டு, நானேதான் படகில் போய் அவர் முன்னால் நின்றிருக்க வேண்டும்.