ஆறாவது போல்ட்டின் நீளம்

என் தம்பி பிரைட்டனைப் போல எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன் தூத்துக்குடியில் இன்னொருவன் இல்லை. உடன்பிறந்தவள் என்பதால் சொல்லவில்லை; அவன் பூட்டிய பதினோரு எஞ்சின்களின் அளவுகளையும் நோட்டில் எழுதியவள் நான். அவன் கையில் எப்போதும் எண்ணெய். அதனால் அவன் அளந்து சொல்வான், நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் எழுதுவேன். எட்டாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் என் எண்கள் அச்சடித்தது போல இருக்கும்.

போன வருஷம் பாலகணேஷ் ஒரு பழைய எஸ்டீம் காரைக் கொண்டுவந்து விட்டார். பலசரக்கு மொத்த வியாபாரி. கார் பந்தயத்துக்கும் போகிறவர். கோயம்புத்தூர் பந்தயத்தில் இந்த எஞ்சின் நின்று ஓடினால் தன்னுடைய நான்கு கார்களையும் பிரைட்டனே பார்க்கலாம், பைபாஸ் ரோட்டில் ஷெட்டும் போட்டுத் தருகிறேன் என்றார். அது கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையை மூடிவிட்டு அவன் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

பந்தய எஞ்சின் என்றால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். இவன் அப்படித் தூக்கி எறிகிறவன் இல்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, அளந்து, விரிசல் பார்த்து, நல்லதை மறுபடி போடுவான். பிஸ்டனும் கேம் ஷாஃப்டும் மட்டும் புதுசு. கிராங்க், அதோடு பிஸ்டனை இணைக்கிற நான்கு ராடுகள் எல்லாம் காரோடு வந்ததுதான். "கம்பெனிக்காரன் கெட்டியாத்தாங்க்கா செஞ்சிருக்கான்" என்பான்.

ராடுகளைப் பிடித்திருக்கும் எட்டு போல்ட்டுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்து அளந்தான். ஏழு ஒரே நீளம். ஆறாவது மட்டும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு கூடுதல். மூன்று தரம் அளந்தான். மூன்று தரமும் அதையே எழுதினேன்.

"இழுபட்டிருக்கு. எட்டையும் மாத்தணும்" என்றான்.

பந்தயம் ஞாயிறு. கார் வெள்ளிக்கிழமை காலை லாரியில் ஏற வேண்டும். சென்னையிலிருந்து வர வேண்டிய புது போல்ட்டுப் பார்சல் புதன்கிழமை மத்தியானம் வரை வரவில்லை.

"ஏலே, இந்த ஒரு ஓட்டத்துக்குப் பழசையே போட்டு அனுப்பேன். பொறவு மாத்திக்கிடலாம்லா" என்றேன்.

"பழைய பாவாட எலாஸ்டிக்க உருவி புதுப் பாவாடையில வச்சுத் தைப்பியாக்கா?"

அப்படியும் ஒன்றிரண்டு தடவை தைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பாலகணேஷ் வந்தார். "என்னவே, இன்னும் பூட்டலையா?"

"போல்ட்டு வரல அண்ணாச்சி. பழசுல ஒண்ணு நீண்டிருக்கு."

நோட்டைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என் மீசமுடி கனம்கூட இருக்காதே! எஞ்சின் பூட்டச் சொன்னா, மாப்பிள்ளைக்குக் கோட்டுல்லா தைக்கீரு."

"நிமிசத்துக்கு ஏழாயிரம் சுத்துல ஓடும்போது அது அறுந்தா ராடு பிளாக்கப் பொத்துட்டு வெளிய வந்துரும். எண்ணெ டயர்ல கொட்டும். நீங்கதான ஓட்டப் போறிய?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீரு பூட்டும்."

"நான் பூட்ட மாட்டேன் அண்ணாச்சி."

அவர் சத்தம் போடவில்லை. ஆள் கூட்டி வந்து, காரைக் கட்டி இழுத்து, பிரித்த எஞ்சினை லோடு ஆட்டோவில் ஏற்றினார். முட்டை அட்டையையும் கேட்டார். ஆறாவதை மட்டும் எடுத்து ஒளித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. பிரைட்டனோ அதன் தலையில் சிவப்பு பெயிண்ட் தொட்டு, வரிசை கலையாமல் அட்டையை மூடிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை ஒரே நாளில் வேறொரு மெக்கானிக் அதே போல்ட்டுகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்.

திங்கட்கிழமை போன் வந்தது. "மூணாவது இடம்வே! ஒம்ம செவப்பு போல்ட்டும் உள்ளதான் கெடக்கு."

"சந்தோஷம் அண்ணாச்சி. இனிம அதோட ஓட்டாதீய. புதுசு இன்னைக்குக் காலம்பற வந்துட்டு. கொண்டாந்து தரட்டா?"

"நீரே வச்சு அளந்துக்கிட்டு இரும்."

அதற்குப் பிறகு கொட்டகைக்கு எஞ்சின் வரவில்லை. அளந்துகொண்டே இருப்பான், பூட்ட மாட்டான் என்று பேச்சாகிவிட்டது. இப்போது துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பார்க்கிறான். அங்கே பழுதானதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டியில் வந்ததை அப்படியே மாட்ட வேண்டும். யாரும் நீளம் கேட்பதில்லை.

அந்த எஸ்டீம் இன்னும் நான்கு பந்தயம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இவன் போனில் முடிவைத் தேடிப் பார்க்கிறான். போன மாதம் கேட்டேவிட்டேன்.

"அது அறுந்துரணும்னு நெனக்கியாலே?"

"எப்படிக்கா நெனக்க? அவரு உள்ள இருக்காருல்லா."

"அப்பம் நல்லா ஓடணும்னா நெனக்க?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டையிலிருந்த கரித்தூசியை உதற வாசலுக்குப் போய்விட்டான்.

புது போல்ட்டுகள் என் நூல் டப்பாவில் இருக்கின்றன. இந்த ஊர் உப்புக்காற்றில் இரும்பைச் சும்மா வைக்க முடியாது. மாதம் ஒரு தரம் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். வந்த அன்றே அவன் அளந்து சொல்லி, நான் எழுதியும் வைத்திருக்கிறேன். எட்டும் ஒரே நீளம்.