சாமான் இருக்கா?

எனக்கு யாரையும் எளிதில் நம்பும் பழக்கம் கிடையாது. அந்தக் காலத்தில் மண்டபம் பக்கம் கார் ஓட்டிய எவனும் நம்பமாட்டான். இலங்கைச் சரக்கு கடத்துகிறானா என்று பாதி ஊர் நம்மை வேவு பார்க்கும்.

ஒரு மார்கழி விடியற்காலை. பிரசவ வலியில் துடித்த என் மனைவியை இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, உச்சிப்புளி தாண்டிக் கார் நின்றுவிட்டது. பனியில் என்ஜின் ஈரமாகியிருந்தது. காரின் முன்னால் இரும்புக் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம்.

சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி, என்ஜினைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, சாமான் இருக்கா?"

எங்கள் பக்கம் சாமான் என்றால் கடத்தல் சரக்கு. சுங்கக்காரர்களுக்குத் துப்புச் சொல்பவன் என்றே முடிவு செய்தேன்.

"ஒரு சாமானும் இல்ல. போடா அங்கிட்டு!"

"சாமான் இல்லாம எப்படிண்ணே வண்டிய எடுத்தீக?"

"நான் கடத்துறவன் இல்லடா!"

பின்சீட்டிலிருந்து என் மனைவி கத்தினாள்.

"அட கூறுகெட்ட மனுசா, அவுக ஸ்பானர் கேக்குறாக! சீட்டுக்கடியில கெடக்கு, எடுத்துக் குடுங்க!"

அவன் பிளக்குகளைக் கழற்றி, தலைத்துண்டால் துடைத்து, தீக்குச்சி கொளுத்திச் சூடு காட்டி மாட்டினான். வண்டி கிளம்பியது. மகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள்.

ஸ்பானர் என்று அவன் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் பனிக்காலத்தில் ஸ்பானரும் காய்ந்த துணியும் தீப்பெட்டியும் இல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. யாராவது சாமான் கேட்டால், முதலில் ஸ்பானர் பெட்டியைத் திறந்து காட்டிவிடுகிறேன். சந்தேகப்படுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.