நாற்பத்தொரு ரவிக்கையும் ஒரு கெட்டுப்போன ஃபைலும்

டேட்டாபேஸ் ரிப்பேர்காரனுக்கு யாரும் சௌக்கியம் விசாரிக்க போன் செய்வதில்லை. போன் அடித்தாலே எங்கோ எதுவோ படுத்துவிட்டது என்று அர்த்தம். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ளும் சக ஜீவன்களே, தி. நகர் தையல் கடை ஒன்றில் நான் பட்ட பாட்டைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

யாரும் தொடவில்லை

ஒரு திங்கட்கிழமை காலை கடை முதலாளி சேகர் கூப்பிட்டார். வாடிக்கையாளர்களின் தையல் அளவெல்லாம் அவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அன்று எந்த அளவைத் திறந்தாலும் புரோகிராம் பட்டென்று மூடிக்கொண்டது. மயிலாப்பூர் வசந்தா மாமி வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்பத்தொரு ரவிக்கை தைத்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் பத்தே நாள். அளவுச் சீட்டு அச்சாகி வராமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் கட்டிங் மாஸ்டர் யூசுப் பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கே.கே. நகரிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். ஒயரைப் பிடுங்கினீர்களா, எதையாவது அழித்தீர்களா, நடுவில் மெஷினை நிறுத்தினீர்களா என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். மொத்தக் கடையும் இல்லவே இல்லை என்று தலையாட்டியது. சேகர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "யாரும் தொடவே இல்ல சார். நல்லா பேசிக்கினு இருக்கிற மனுசன் பொட்டுனு போற மாதிரி போயிடுச்சு."

ஒரு செகண்டு பேக்கப்

பேக்கப் இருக்கிறதா என்று பயந்துகொண்டே கேட்டேன். இந்தக் கேள்விக்கு வழக்கமாக என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பில் கவுன்டர் கல்பனாவின் முகம் மலர்ந்தது. லட்சுமி படத்துக்குப் பின்னாலிருந்து குங்குமம் வைத்த பென்டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு பொறுப்பான பெண்ணை இந்தத் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.

செருகிப் பார்த்தேன். உள்ளே இருந்தது புரோகிராமைத் திறக்க ஸ்க்ரீனில் இருக்குமே, அந்தச் சின்னப் படம் மட்டும். வாசல் கதவை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டையே பத்திரப்படுத்தியதாக நினைத்திருக்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்று மெதுவாகக் கேட்டேன். பெருமையாகச் சொன்னாள்: "ஒரு நாள்கூட வுட்டதில்ல சார். இன்னா ஸ்பீடு தெரியுமா, இழுத்துப் போட்டா ஒரு செகண்டுல முடிஞ்சிடும்."

கெடாமல் போன அளவு

மூன்று நாள் அந்தக் கெட்டுப்போன ஃபைலோடு மல்லுக்கட்டினேன். புதன்கிழமை மத்தியானம் நாற்பது அளவுகள் உயிரோடு வந்தன. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். வராத ஒன்று கல்யாணப் பெண் ரம்யாவுடையது. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வருவாள். போனில் சொல்லும் அளவை நம்பி மாஸ்டர் பட்டுத் துணியை வெட்ட மாட்டார்.

வந்த நாற்பதுமாவது சரியா என்று பார்க்க வசந்தா மாமியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றை மட்டும் என் பக்கம் தள்ளினார். இது சுத்தத் தப்பு, உங்கள் மெஷின் கெடுத்துவிட்டது என்றார். மாமியின் சீட்டுதான் அது. மூன்று தடவை சோதித்தேன், அந்தப் பதிவில் ஒரு கீறல்கூட இல்லை. கல்பனா டேப்பை எடுத்து அங்கேயே அளந்து பார்த்தாள். அரை இஞ்சு பிசகவில்லை. மாமி கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு சொன்னார்: "அத்தனை கெட்டுப்போச்சுங்கறேள், இந்த ஒண்ணும் சேர்ந்து கெட்டுப்போயிருக்கப்படாதோ?"

வெள்ளிக்கிழமைப் புகை

வெள்ளிக்கிழமை காலை, ரம்யாவின் அளவு புதைந்திருந்த இடத்தைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ இரண்டு எண்கள் தலைகாட்டிய நேரம், ஸ்க்ரீன் இருண்டது. நிமிர்ந்தால் கடைக்குள் ஒரே புகை. வெள்ளிதோறும் கடை கடையாகப் புகை போடும் சாம்பிராணி பாய் தூபத்தோடு நுழைந்திருந்தார். புகை கலையாமல் நிற்கட்டும் என்று கல்பனா ஃபேனை அணைத்திருந்தாள். உள்ளறை ஃபேனுக்கும் மெயின் கம்ப்யூட்டருக்கும் ஒரே சுவிட்ச். யு.பி.எஸ். எப்போதோ உயிரை விட்டு, பட்டன் டப்பா வைக்கும் பீடமாகியிருந்தது.

ஆக, வாரா வாரம் அளவை எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரின் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கெட்டுப்போகாமல் என்ன செய்யும்? நான் கத்தி முடிக்கும்வரை சாம்பிராணி பாய் பொறுமையாக எனக்கும் புகை காட்டினார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "இந்தத் தெருவுல நான் புகை போடுற கடை எல்லாம் நல்லா ஓடுது சார். இது ஒண்ணுதான் நின்னு நின்னு ஓடுது."

மாஸ்டரின் மூட்டை

சனிக்கிழமை தோற்றுவிட்டேன். குடும்பத்தில் எல்லோருக்கும் அளவு இருக்கிறது, தாலி கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு இல்லை. இதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. அப்போது யூசுப் மாஸ்டர் கண்ணாலேயே என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து, மஞ்சள் ரவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டார். ரம்யா என்று எழுதிய துண்டுச்சீட்டு அதில் ஊக்கால் குத்தியிருந்தது.

கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அளவு ரவிக்கை வாங்கவே கூடாது என்பது சேகரின் கட்டளை. மாஸ்டருக்கு அந்தப் பெட்டிமேல் நம்பிக்கையே கிடையாது. எல்லோரிடமும் பழைய ரவிக்கை ஒன்றை ரகசியமாக வாங்கி வைத்திருக்கிறார். நாற்பத்தொன்றும் மூட்டைக்குள் சௌக்கியமாக இருந்தன. ஐந்து நாள் பட்ட அவஸ்தையை நினைத்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெட்டுத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். முதல் நாளே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "பேக்கப் கீதான்னு கல்பனாவைத்தானே கேட்ட, என்னை எங்க கேட்ட நைனா? மொதலாளிக்குத் தெரிய வாணாம். இதை அளந்து நீயே பொட்டில போட்டுடு, பொட்டி சொன்னா மாதிரியே இருக்கட்டும்."

அந்த அளவில் தைத்த கல்யாண ரவிக்கை ரம்யாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதிலிருந்து, செத்த டேட்டாவையும் எழுப்பிவிடும் ஆள் என்று சேகர் என்னை ஊரெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார், நானும் அடக்கத்தோடு தலையைக் குனிந்து அதை ஒப்புக்கொண்டுவருகிறேன்.