ரசீதில் இல்லாத பள்ளம்

பொத்தானக்காவின் முலாம் பட்டறையில் ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள். ஒரு சட்டைக் கம்பெனிக்கு வேண்டிய பித்தளைப் பொத்தான்களுக்கு நிக்கல் முலாம் பூசுவதுதான் தொழில். புருஷன் மூச்சிரைப்பில் படுத்த பிறகு பட்டறையைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். தொட்டிக்கு மேல் கையை நீட்டியே சூடு போதுமா என்று சொல்லிவிடுவாள். "அக்கா கை இருக்கும்போது நமக்கெதுக்கு மீட்டர்?" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

கம்பெனி அனுப்பிய முப்பது பக்க ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பட்டறையின் தண்ணீருக்கும் கழிவுக்கும் அவளே பொறுப்பு. கழிவை எடுத்துப்போகிறவர் செய்வதற்கும் அவளே பொறுப்பு. அதை அவள் விளையாட்டாக நினைக்கவில்லை. கழிவுநீரைத் தெளியவைத்து, அடியில் தங்கும் பச்சைக் கசடைப் பீப்பாய்களில் அடைத்து, லாரிக்காரரிடம் ஒப்படைப்பாள். அவர் முத்திரை குத்திய ரசீது தருவார்.

கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்த பெண் அந்த ரசீதுகளைப் புரட்டினாள். "இது போய்ச் சேர்ற இடத்தை நீங்க பாத்திருக்கீங்களா?"

"அதான் ரசீது இருக்கே, மேடம்."

அந்தப் பெண் ரசீதுகளை மூடிவைத்துவிட்டுப் போனாள். ஆனால் அவள் கேட்ட அந்த ஒரு கேள்வி பொத்தானக்காவை விடாமல் அரித்தது.

அடுத்த முறை லாரி கிளம்பியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். லாரி பெரிய சாலையை விட்டு, மூடிக்கிடந்த கல்குவாரிக்குள் இறங்கியது. அவள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பீப்பாய்கள் பள்ளத்துத் தண்ணீரில் கவிழ்ந்துவிட்டன. எதிர்க்கரையில் ஒருத்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். பொத்தானக்காவின் நாத்தனார்தான். காலையில் பட்டறையில் பொத்தான் கழுவிய கைகள்.

"அண்ணே, நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

லாரிக்காரர் அசரவில்லை. "நீங்க தர்ற வாடகைக்கு வேற எங்கம்மா கொண்டுபோறது? உங்களுக்கு ரசீது வேணும், குடுத்தாச்சு. பேசாம வீட்டுக்குப் போங்க."

மிச்சப் பீப்பாய்களைத் திரும்பப் பட்டறையில் இறக்கவைக்க அவள் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. நாத்தனாரை வீட்டுக்கு இழுத்துவந்து, "இனி அந்தத் தண்ணியைத் தொடாத" என்றாள்.

"எட்டு வருசமா அதுலதானே அண்ணி குளிக்கிறோம்" என்றாள் நாத்தனார்.

புருஷன் மூச்சைத் திரட்டிக் கெஞ்சினான். "கம்பெனிக்குச் சொல்லிடாதே. ஒம்பது அடுப்பு அணைஞ்சிடும்."

"சொல்லாம இருந்தா உன் தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

போன் போட்டாள். கம்பெனி அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நீங்களா முன்வந்து சொன்னது ரொம்ப நல்லது. ஆனா விசாரணை முடியற வரைக்கும் உங்க சரக்கை எடுக்க முடியாதும்மா."

விசாரணை ஜவ்வாக இழுத்தது. முறையாகக் கழிவு எடுக்கும் கிடங்குக்கு அலைந்தாள். முழு லோடு இருந்தால்தான் வண்டி வரும் என்று கைவிரித்தார்கள். சேர்ந்து அனுப்பலாம் என்று அக்கம்பக்கப் பட்டறைகளின் படியேறினாள். "எங்க பொழப்புலயும் மண்ணள்ளிப் போட வந்தியா?" என்று கதவைச் சாத்தினார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வேறு வேலைக்குப் போனார்கள். நாத்தனார்தான் கடைசிவரை இருந்தாள். கழுவப் பொத்தான் இல்லாமல் சும்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் மாதம் செய்தி வந்தது. ஆர்டர் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போய்விட்டது. அங்கும் கசடு எடுப்பது அதே லாரிதான். அங்கும் ரசீது பக்காவாக இருந்தது.

அன்று பொத்தானக்கா தொட்டி ஓரம் உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு தணிக்கைக்கு வந்த பெண்ணுக்குப் போன் செய்து, லாரி எண்ணையும் பள்ளத்துக்குப் போகும் வழியையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதிக்கொள்வதாக அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இப்போது பொத்தானக்கா அட்டைப்பெட்டி ஆலையில் பெட்டி மடிக்கிறாள். பூட்டிய பட்டறைக்குள் ஏழு பீப்பாய்கள் நிற்கின்றன. வாரம் ஒருமுறை போய், ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவி, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.