ஐந்து தேரைகள் மூன்றான கதை

நாலு வருடத்துக்கு முன், ஐப்பசி மழைக்காலம். அப்போது விலங்கியலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். வில்லாபுரத்தில் எங்கள் தெருக்கோடி காலி மனையில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பொழுது சாய்ந்தால் தேரைகள் கத்தத் தொடங்கிவிடும். கத்துவது ஆண் தேரைதான், பெண்ணைக் கூப்பிட. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிக் கத்துகிறதா என்பதுதான் என் ஆய்வு.

எனக்குப் பாம்பென்றால் பயம். அதனால் தண்ணீரில் இறங்காமல் சுவரோரம் நின்றபடி செல்போனில் பதிவு செய்வேன். நிமிடத்துக்கு எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணுவேன். வேகம் மாறினால் வேறு தேரை என்று நம்பர் போட்டுவிடுவேன். பத்து நாளில் ஐந்து தேரைகள் சேர்ந்தன. மறுநாள் காலை துறையில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும். கைடிடம் ஏற்கெனவே பெருமையடித்திருந்தேன்.

அந்தப் பத்தாம் நாள் மாலை மழை விட்டு ஊரே சில்லென்று இருந்தது. ஐந்தாம் நம்பர் இழுத்து இழுத்துக் கத்தியது. மனையோரம் ஆட்டோ நிறுத்தும் அண்ணன், என்ன பண்ணுகிறேன் என்று விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இது முந்தாநாள் படபடன்னு கத்துன அதே ஆளுதாம்மா."

"இல்லண்ணே, அது ரெண்டாம் நம்பர். அது வேகமாக் கத்தும்."

"வேகத்த விடும்மா. குளிர்ல என் வண்டியுந்தான் இழுக்குது, அதுக்காக வேற வண்டியாயிருமா? முடிக்கிறப்ப லேசா ஒரு திக்கு திக்குது பாரு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. எம்.எஸ்சி. முடித்தவளுக்கு இவரா தேரைப் பாடம் எடுப்பது? விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, இரண்டு பதிவுகளையும் ஹெட்போனில் அடுத்தடுத்துப் போட்டேன். குரலின் கனம் ஒரே மாதிரி. கடைசியில் அந்தத் திக்கலும் அப்படியே. ஒன்று புழுக்கமான மாலையில் எடுத்தது, மற்றது குளிரில்; வேகம் மட்டும்தான் குறைந்திருந்தது. பயந்துகொண்டே மற்றவற்றையும் கேட்டேன். ஒன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் அதே கதைதான்; ஐந்து மூன்றாகிவிட்டது.

ஐந்து என்றே சொல்லிவிடலாம், தேரை வந்து சாட்சி சொல்லவா போகிறது என்று தோன்றாமல் இல்லை. காலையில் கைடிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெர்மாமீட்டர் கொண்டு போனியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப நீ தேரைய அளக்கலம்மா, குளிர அளந்திருக்க."

எல்லார் முன்னாலும் மூன்று என்றுதான் சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்த முறை தெர்மாமீட்டரோடு தண்ணீரில் இறங்கி. டார்ச் பிடித்தது ஆட்டோ அண்ணன்தான்.

இப்போது நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பெண் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னால், மார்க் போட எடுத்த பேனாவை மூடிவிட்டு, "நாளைக்கு இன்னொரு தடவ வாம்மா" என்று சொல்லி அனுப்புகிறேன்.