சீனப் பாம்புக்கு நான் வரைந்த கால்

போன மாதம் எனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ. அதில் நான் சீன மொழி பேசினேன்.

எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? பல்வலியால்.

அதற்கு முந்தின ஞாயிறு, ராமச்சந்திராபுரத்திலிருந்து பஸ் பிடித்து சிகந்திராபாத் போய், ஒரு சீன டாக்டரிடம் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டேன். கல்கத்தாவில் பிறந்தவர். இருபது வருஷமாக இங்கேதான் கிளினிக். ஹைதராபாத் ஹிந்தி என்னைவிட நன்றாகப் பேசுவார். வந்ததுதான் வந்தோம், பக்கத்துப் பல்லையும் கொஞ்சம் ராவிவிடுங்களேன் என்று ஜாடை காட்டினேன்.

"நக்கோ சாப்" என்று தடுத்தார். நல்ல பல்லைத் தொடக் கூடாதாம். கூடவே, "ஹுவா ஷெ தியென் ட்ஸூ" என்றார்.

வாய் நிறையப் பஞ்சு. நான் என்ன கேட்க முடியும்? அவரே அர்த்தம் சொன்னார் — பாம்பை வரைந்து, அதற்குக் காலும் வரைவது. ஒரு கோப்பை மது. குடிக்கப் பல பேர். முதலில் பாம்பு வரைந்து முடிப்பவனுக்குக் கோப்பை என்று பந்தயம். முதலில் முடித்தவன் சும்மா இருக்கக் கூடாதோ? நேரம் இருக்கிறதே என்று கால் போட ஆரம்பித்தான். அதற்குள் இரண்டாவது ஆள் முடித்துவிட்டு, பாம்புக்கு ஏது கால் என்று கோப்பையைப் பிடுங்கிக் குடித்துவிட்டான். நன்றாக முடிந்த வேலையில் வேண்டாததைச் சேர்த்துக் கெடுத்தால் இப்படிச் சொல்வார்களாம்.

அர்த்தம் புரிந்தது. பிரயோகம்? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, ரசத்தில் கடைசி நிமிஷம் உப்புப் போட்ட மனைவியிடம் பாம்புக் கால் என்றேன். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"முதல்ல உப்பே போடலைங்க. இது கால் இல்ல, வால். வால் பாம்புக்கு வேணும்."

பிரயோகம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

ராமச்சந்திராபுரம் கவர்மென்ட் ஃபாக்டரியில் நான் டிராயிங் செக்ஷன். இன்டர்வியூவில் என் வரைபடம் ஒன்றைக் காட்டி, ஏன் இவ்வளவு சுருக்கம் என்றார் சேர்மன். ஒர்க்கருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது சார் என்றேன். சிரித்தார். வெரி குட், போகலாம் என்றார்.

போயிருக்கலாம் இல்லையா? கதவு வரை போனவன் திரும்பினேன்.

"சார், சீன மொழியில இதுக்கு ஒரு பிரயோகம் உண்டு..."

மனப்பாடம் செய்திருந்த நாலு அசைகளையும் சொன்னேன். சீனாவோடு சண்டை முடிந்து பத்து வருஷம் ஆகிறது. ஆனாலும் ஓரத்தில் இருந்த செக்யூரிட்டி ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் சொல்லிக்கொடுத்தது? எத்தனை தடவை சந்தித்தீர்கள்? பல்வலி சார் என்றேன். எந்தப் பல் என்றார். வாயைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்...

ப்ரமோஷன் பக்கத்து மேஜை ராவுக்குப் போயிற்று. எனக்கு அடுத்து உள்ளே போய், மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்தவர். நேற்று லட்டு எடுத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். எனக்கு வருத்தம்தான். லட்டு நன்றாக இருந்தது, அது வேறு விஷயம். உள்ளே என்னதான் பேசினீர்கள் என்று என் மனைவி அவரிடம் கேட்டாள்.

ராவ் கொஞ்சம் யோசித்துவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"எஸ் சார், தேங்க் யூ சார். அவ்வளவுதாம்மா."