கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

என் குரலைப் பற்றி நானே சொன்னால் தற்பெருமை என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று அவர்கள் பெயரைக் கூப்பிட்டால் எதிர்மலை லயத்து வீடுகளில் அடுப்பு மூட்டுகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டில் உள்ளபடி நூற்றிருபது பெயர், தினமும் அதே வரிசை. பிந்தி வந்தவர்களுக்கு அதே குரலில் வசவும் உண்டு.

அந்த எனக்குத்தான் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சு முட்டிப்போய்க் கிடந்தவனைக் கம்பளியில் கிடத்திப் பதுளைக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரையா வாய் வழியாக ஒரு உலோகக் குழாயைத் தொண்டைக்குள் இறக்கினார். ஐந்து நாள் அதன் வழியாகத்தான் மூச்சு. எடுத்த பிறகு பேசப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. குரல் பிறக்கிற இடத்தில் குழாய் உரசிப் புண்ணாகிவிட்டது, ஆறினாலும் பழைய குரல் வராது என்றார். உயிரைக் காப்பாற்றியவர்மேல் கோபப்படக் கூடாதுதான். எனக்குக் கோபம் வந்தது. திட்டத்தான் குரல் இல்லை.

லயத்து வீட்டுக்குத் திரும்பியதும், "இப்பத்தாங்க நம்ம காம்பரா நிம்மதியா இருக்கு" என்று என் மனைவி சிரித்தாள். பிறகு அடுப்படியில் போய் அழுதாள்.

தோட்டத்தை நடத்தும் தொரை சிரிக்கவில்லை. "நாளைக்குப் பெரட்டுல நீ பேர் கூப்பிடு. கடைசி வரிசைக்குக் கேக்கணும். கேக்காட்டி வேற கங்காணி" என்றார்.

மறுநாள் தொரை செக்ரோலோடு என் பக்கத்தில் நின்றார். பெரட்டுக் களம் எப்போதும் சந்தைதான். கைப்பிள்ளைகள் அழும், கிழவர்கள் இருமுவார்கள், பெண்கள் முந்தின நாள் சண்டையைத் தொடர்வார்கள். முதல் பெயரைச் சொன்னேன். முன்வரிசைக்காரன் "இருக்கேங்க" என்றான். அப்போதுதான் கவனித்தேன், களத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தர் கம்பளியை வாயில் அடைத்து இருமலை விழுங்கினார். பெயர் பெயராக நகர்ந்தது. கடைசிப் பெயருக்கு வந்தபோது எனக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. என்னிடம் அதிகம் வசவு வாங்கிய பெண்ணின் பெயர் அது.

"இருக்கேங்க!" என்று களத்தின் கோடியிலிருந்து கத்தினாள். தொரை செக்ரோலை மூடி என் கையில் கொடுத்தார்.

அதன்பிறகு நான் தரையில் நடக்கவில்லை. என் மூச்சே கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று பார்த்தவரிடமெல்லாம் அளந்தேன். ஒருநாள் கொழுந்து நிறுக்கும்போது அந்தக் கடைசிப் பெயர்க்காரியிடமே அளந்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்க கேட்டுச்சு கங்காணி? எனக்கு முந்தின பேரு என் நாத்தனாரு. அவ வாயத் தொறந்தா அடுத்தது நானு. பாதிப் பேரு அப்படித்தான் சொன்னோம்."

"ஏன்?" என்று காற்றாகக் கேட்டேன்.

"நீங்க வைவீங்க. ஆனா மழைக்கு ஒதுங்குனதுக்கு ஒருநாளும் எங்களுக்கு அரைநாள் பேரு போட்டு சம்பளத்தக் கொறச்சதில்லையே. புதுசா வர்றவன் போடுவான்ல?"

எதிர்மலைக்குக் கேட்ட குரலால் எனக்கு இத்தனை பெருமை வந்ததில்லை. அன்று அவள் கூடையை நிறுத்தபோது, கொழுந்தின் ஈரத்துக்கென்று எடையில் வழக்கமாகக் கழிப்பதில் நான் ஒரு ராத்தல்கூடக் கழிக்கவில்லை.